கெங்கம்மாள் ஜீவித்திருக்கும் வரை

வக்கீல் ஜேம்ஸ் பத்திரத்தின் நான்காம் வரியில் விரலை வைத்தவர், நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை அந்த விரலை எடுக்கவேயில்லை.

"தொண்ணூத்தொம்போது வருசக் குத்தகை சார். இன்னும் முப்பத்தொம்போது வருசம் பாக்கி கீது" என்று வீட்டுக்காரன் துலுக்கானம் சொன்னதை நம்பி, பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவன் நான். பத்திரத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்யாணத்தையும் அப்படித்தான் செய்தேன். அதில் தப்பித்ததால் வந்த தைரியம்.

பத்திரத்தில் வருஷக் கணக்கே இல்லை. மனை ஒரு குடும்ப டிரஸ்டுக்குச் சொந்தம். 1931-ல் அந்தக் குடும்பத்துப் பெரியவர், தம் நிலத்தில் உழைத்த சின்னதம்பிக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடு கட்டிக்கொள்ளலாம், டிரஸ்ட் சம்மதித்தால் கைமாற்றலாம். எதுவரைக்கும்? 'சின்னதம்பியின் குமாரத்தி, வயது மூன்று, சிரஞ்சீவி கெங்கம்மாள் ஜீவித்திருக்கும் காலம் வரைக்கும்.'

குழந்தை நூறு வயது இருக்கட்டும் என்று நினைத்தாரோ, எத்தனை நாள் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தாரோ, பெரியவரைக் கேட்க முடியாது.

"அந்தம்மா போயிட்டா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே மனை டிரஸ்டுக்குத் திரும்பிடும் சார். சுவரும் ஓடும் உங்களுதுதான். கழட்டி எடுத்துட்டுப் போகலாம்" என்றார் ஜேம்ஸ், ரொம்ப ஆறுதலாக.

மார்ச் கடைசியில் எனக்கு ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு. அதே வேகத்தில் குவார்ட்டர்ஸ் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் எனக்கும் மனைவி வசந்தகுமாரிக்கும் தலைக்கு மேலே இருக்கப் போவது ஓடு இல்லை, ஓர் அம்மாளின் மூச்சு.

முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் சும்மா இருப்பேனா? எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் தொங்கும் அட்டையில் எழுதியிருக்கிற சாமானும், தட்டில் கிடக்கிற சாமானும் ஒன்றா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதே வழக்கப்படி டிரஸ்டுக்கு மூன்று நகல்களில் ஒரு கடிதம் டைப் அடித்து அனுப்பினேன். 'பத்திரத்தில் கண்ட கெங்கம்மாளும் தற்போது குடியிருக்கும் கெங்கம்மாளும் ஒருவரே என்று சரிபார்த்து, மாற்றத்துக்குச் சம்மதம் வழங்கவும்.'

பதில் ஒரே வாரத்தில் வந்தது. 'தை இரண்டாம் வெள்ளி, மாலை நான்கு மணி. மூலப் பத்திரத்தில் உள்ள குழந்தையின் பெருவிரல் ரேகையோடு ஒப்பிடப்படும்.'

அந்தக் கடிதத்தை வசந்தாவிடம் காட்டி, "எப்படி நம்ம வேலை?" என்றேன்.

இன்று அந்த வெள்ளி. அந்த 'எப்படி'யை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

*

காலை பத்து மணிக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் கிளம்பினோம். பின்சீட்டில் வசந்தா, அவள் மடியில் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், ஆறு ஆரஞ்சுப் பழம்.

"எங்கப்பா மூணு மாசம் படுத்துக் கிடந்தாரு. ஒரு ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்தீங்களா?"

"உங்கப்பா பேர்ல மனை இல்லையே வசந்தா."

முதுகில் ஒரு குத்து விழுந்தது. வண்டி லேசாக ஆடியது.

ஏரிக்கரைக்கு இறங்கும் மண் பாதையில் திரும்பியதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. பூந்தமல்லி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் யாரோ கதவைச் சாத்தியதுபோல அந்த இரைச்சல் பின்னால் நின்றுவிட்டது. தை மாதத் தண்ணீர் கரை வரை நிறைந்து, அசையாமல் கிடந்தது.

துலுக்கானம் காக்கிச் சட்டையில் வாசலிலேயே நின்றிருந்தான். ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டர். டெப்போ பக்கத்திலேயே புது வீடு கட்டிக்கொண்டதால், தாத்தா சின்னதம்பியின் இந்த வீட்டை விற்கிறான். அத்தை மட்டும் வரமாட்டேன் என்றதால், அவள் பின்கட்டில் இருந்துகொள்வதாகப் பேச்சு.

"வா சார். எனக்கு ட்யூட்டிக்கு டைம் ஆவுது. அத்தை உள்ளதான் கீது. இன்னா கேக்கணுமோ கேட்டுக்க."

"வருஷக் குத்தகைன்னு சொன்னியேப்பா?"

"எங்கப்பா அப்டித்தான் சொன்னாரு சார். பத்திரத்த நான் எங்க படிச்சேன்? நீயுந்தான் படிக்கல." சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "கெங்கா அத்தை! சார் வந்துகிறாரு!"

கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் உடனே நிமிரவில்லை. முதலில் தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே பின்கட்டுக் கதவு, அதற்கப்பால் வெயில். ஒருவருக்கு எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். அதற்கப்புறம்தான், "இன்னாடா?" என்றாள்.

"எப்பவும் இப்டித்தான் சார். காது கொஞ்சம் லேட்டு" என்று சொல்லிவிட்டுத் துலுக்கானம் போய்விட்டான்.

காது லேட்டாகத் தெரியவில்லை. வசந்தா என் காதோடு, "ஆளு திடமாத்தான் இருக்காங்க" என்று முணுமுணுத்தபோது, அந்த அம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

"திடத்துக்கு இன்னாமா கொறச்சல்? அம்பத்தூர்ல பவுண்டரி கேண்டீன்ல இருபது வருசம் மாவாட்டின கை. குந்துங்க."

உட்கார்ந்தோம். ஹார்லிக்ஸை முன்னால் வைத்தேன். பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, ராத்திரித் தூக்கம் எப்படி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று வரிசையாகக் கேட்டேன். வீட்டில் மாடியே கிடையாது என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது.

"பல்லு எத்தினி கீதுன்னு எண்ணிக்கோ நைனா" என்று வாயைத் திறந்து காட்டினாள். "சந்தையில மாட்டுக்கு அதைத்தான் முதல்ல பாப்பாங்க."

வசந்தா சிரித்ததில் ஒரு ஆரஞ்சு உருண்டு போயிற்று.

டிரஸ்ட் ஆள் சாயங்காலம் வருகிறார் என்றேன். அது அவளுக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் தை இரண்டாம் வெள்ளியில் 'ஆள் பார்க்க' வருவார்களாம். வாசலில் நின்று பேர் சொல்லிக் கேட்பார்கள், இவள் பதில் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பின்கட்டு நிலையோடு குழந்தையை நிற்க வைத்து, தலை உயரத்துக்கு உளியால் ஒரு வெட்டு வெட்டி, பக்கத்தில் வருஷத்தைச் செதுக்குவாராம் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை.

"இந்த வருஷம் ரேகையும் பார்ப்பாங்க. பத்திரத்துல இருக்கிற ரேகையோட ஒப்பிட்டு" என்றேன். என் கடிதத்தைப் பற்றியும் பெருமையாகச் சொன்னேன்.

முறம் நின்றது. அரிசி மறுபடி சலசலக்கச் சற்று நேரம் பிடித்தது.

"வரட்டும்" என்றாள்.

*

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். எங்களுக்குப் பரிமாறுவதற்கு முன், ஒரு சின்ன அலுமினியத் தட்டில் கொஞ்சம் சோறும் மீன் குழம்பும் போட்டுப் பின்வாசல் படியில் வைத்தாள். காக்காய்க்கு என்று நினைத்தேன். நாங்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை ஒரு காக்காயும் அந்தத் தட்டுப் பக்கம் வரவில்லை. ஏரிக்கரை முழுக்கக் காக்காய்.

சாப்பிட்டதும் நான் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். தென்மேற்கு மூலையில் ஒரு அரளிச் செடி. அதைச் சுற்றி ஆறடிக்குப் புல்கூட இல்லை, பெருக்கி வைத்ததுபோல் இருந்தது. கக்கூஸ் கட்டத் தோதான இடம். நான்குக்கு ஐந்து என்று அளந்து, செங்கல் வைத்து அடையாளம் போட்டேன். வீடு என்னுடையதாகுமா என்பதே தெரியாதபோது கக்கூஸுக்கு இடம் பார்க்கிற புத்தியை என்னவென்று சொல்ல.

திரும்பிப் பார்த்தால், மூன்று செங்கல்தான் இருந்தது. நான்கு வைத்த ஞாபகம். எண்ணுவது என் தொழில்.

"என்னங்க, அந்த டேப்பைக் கொஞ்சம் இங்க கொண்டாங்க." வசந்தா பின்கட்டு நிலையருகே குனிந்து நின்றிருந்தாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

நிலையில் உளி வெட்டுகள் இருந்தன. நான் அளந்தேன். 1932: முப்பத்தெட்டு அங்குலம். 1933: நாற்பதரை. 1934: நாற்பத்து மூன்று.

1935: முப்பத்தெட்டே முக்கால்.

இரண்டு தடவை அளந்தேன். "ஏரிக் காத்து. மரம் ஈரத்துல ஊறிக் காய்ஞ்சு சுருங்கியிருக்கும்" என்றேன்.

"மரம் சுருங்கினா எல்லா வெட்டுந்தானே சுருங்கணும்? நாலாவது மட்டும் ஏன் இறங்குது? குழந்தை வளரும்ங்க. குறையாது."

எங்களுக்குப் பின்னால் அந்த அம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

வசந்தா நிமிர்ந்தாள். என் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், பயம் வந்தால் ரொம்ப மரியாதையாகிவிடும். "அம்மா, நீங்க யாருங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அந்த அம்மாள் படியில் உட்கார்ந்தாள்.

"எம் பேரு வேம்புலி. வேம்பும்பாங்க. கெங்கா எங்க அக்கா."

"அவங்க?"

"முப்பத்து நாலு ஐப்பசியில ஜுரம் கண்டுச்சு. மூணே நாளு. ஆறு வயசு. அவ போனா ஊடு போயிடும், தெருவுலதான் நிக்கணும். அதனால ஊருக்கு வேம்புலி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல நாலே ஊடு, எல்லாம் பங்காளிங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல." அரளிச் செடியைப் பார்த்தாள். "அதோ அங்கதான் பொதைச்சாங்க. எங்கம்மா மார்ல அடிச்சிகினு எம்பேரச் சொல்லி அழுவுது, 'வேம்பு, போயிட்டியே வேம்பு'ன்னு. நானு அது இடுப்புல குந்திகினு கேட்டுகினு கீறேன். எனக்கு நாலு வயசு."

செங்கல்களைப் போய் எடுத்து வந்தேன். மூன்றையும். நான்காவது எங்கே என்று தேடத் தைரியம் இல்லை.

"தைல கணக்குப்பிள்ள வந்தாரு. நிலையில நிக்க வச்சாரு. போன வருச வெட்டு எந்தலைக்கு மேல இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பால ஒண்ணும் பேசாம உளிய எடுத்து எந்தலை ஒசரத்துக்கே வெட்டிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்."

"அம்பத்தாறு வருஷமா..." என்றாள் வசந்தா.

"யாராச்சும் 'கெங்கா'ன்னு கூப்ட்டா, அவதானே முதல்ல பதில் சொல்லணும்? அது அவ பேரு. கொஞ்சம் விட்டுக் குடுத்துட்டுத்தான் நான் சொல்வேன்."

வசந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாக, "வேம்பு" என்று கூப்பிட்டாள்.

"இன்னாமா?"

உடனே. பின்னால் திரும்பாமல். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவசரமாக டேப்பைச் சுருட்டினேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று, குனிந்துகொள்ள ஒரு காரணம் கிடைத்தது.

மணி மூன்றரை. குத்தகை 1934-லேயே முடிந்துவிட்டது. நான்கு மணிக்கு ஒருவர் வந்து, பூதக்கண்ணாடி வைத்து அதைக் கண்டுபிடிக்கப் போகிறார். அவரை வரவழைத்தவன் நான். மூன்று நகல்களில்.

*

டிரஸ்ட் கணக்கர் லோகநாதன் குடையோடு வந்தார். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளையின் மகனாம். கையில் ஒரு பதிவேடு, ஸ்டாம்ப் பேட், மஞ்சள் துணியில் சுற்றிய மூலப் பத்திரம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கோயிலில் கட்டியம் சொல்வதுபோல் உரக்கக் கேட்டார்.

"சின்னதம்பி குமாரத்தி கெங்கம்மாள் இருக்காளா?"

வேம்பு திரும்பிப் பின்கட்டைப் பார்த்தாள். காத்திருந்தாள். இந்தத் தடவை நானும் வசந்தாவும் கூடத் திரும்பிப் பார்த்தோம்.

"கீறேன்" என்றாள்.

லோகநாதன் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் முந்திக்கொண்டேன். "சார், அந்த லெட்டரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்குப் பூரண திருப்தி."

"எழுத்துல வந்துடுச்சே சார். உள்பதிவு எண் போட்டாச்சு. பதில் எழுதாம ஃபைலை எப்படி மூடறது? நீங்களே ஸ்டோர்ஸ்காரர், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லி அழவிட்டிருக்கிறேன்.

துணியைப் பிரித்தார். பத்திரத்தின் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ரேகை. அறுபது வருஷத்துக்கு முந்தைய மை, ஆனால் அதைப் பார்த்தபோது ஈரமாக இருப்பதுபோல் தோன்றியது. பக்கத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்தார். "இங்க வைம்மா. இடது பெருவிரல்."

வேம்பு பதிவேட்டையும் ஸ்டாம்ப் பேடையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பின்னாடி வெளிச்சம் நல்லா கீது. வச்சிகினு வரேன்."

"என் முன்னாலதாம்மா வைக்கணும்."

"நான் கூடப் போய்ப் பாக்கறேன் சார். சாட்சியா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவளுக்குப் பத்து நிமிஷம் வாங்கித் தர வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். லோகநாதன் என்னையும் நிலையிலிருந்த வெட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

நான் பின்வாசலில் நின்றுகொண்டேன். அவள் நேராக அரளிச் செடியிடம் போய், எனக்கு முதுகு காட்டிக் குந்தினாள். பதிவேட்டைத் தரையில் விரித்தாள். பேச்சு கேட்டது. சாமி கும்பிடுகிற பேச்சு இல்லை. சாப்பிட அடம் பிடிக்கிற குழந்தையிடம் பேசுகிற பேச்சு.

"ஒரே ஒருவாட்டிதான். கை அழுக்காவாது, தொடச்சி வுட்டுடறேன். எங்கண்ணு இல்ல?"

காற்று இல்லை. ஏரியில் ஓர் அலை இல்லை. அரளி மட்டும், யாரோ கிளையைப் பிடித்து இழுத்து விட்டதுபோல ஒரு தடவை அசைந்தது.

பதிவேட்டை ஏந்திக்கொண்டு வந்து லோகநாதனிடம் கொடுத்தாள். முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பத்திரத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி பத்திரம், மறுபடி பதிவேடு. வசந்தாவின் விரல்கள் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தன. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்ததைப் பார்த்தேன்.

"வரிக்கு வரி சரியா இருக்கு" என்றார்.

வசந்தா என் கையை விட்டாள்.

"கொஞ்சம் சின்னதா விழுந்திருக்கு. வயசானா விரல் சுருங்கும்." யாரையும் பார்க்காமல் சொன்னார். பேனாவை என்னிடம் நீட்டினார். "இந்தம்மா ரேகை வச்சதைக் கண்ணால பாத்தீங்க இல்ல?"

முப்பத்து நாலு வருஷத்தில், பார்க்காத சாமானுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

"பாத்தேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட அவசரத்தில் லட்சுமணன் என்கிற என் பேரில் ஒரு புள்ளி குறைந்துபோயிற்று.

சம்மதக் கடிதம் நாளைக்கே வந்துவிடும், திங்கட்கிழமை பதிவு செய்துகொள்ளலாம் என்றார் லோகநாதன். குடையை மறந்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கூப்பிட்டோம். திரும்பவில்லை.

வீடு நிலைத்துவிட்டது. எங்களுக்கும் அவளுக்கும். வசந்தா பெருமூச்சு விட்டு, துணியில் மண்ணெண்ணெய் நனைத்து எடுத்து வந்தாள்.

"கையைக் காட்டு வேம்பு. மையைத் துடைச்சு விடறேன்."

வேம்பு முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். வசந்தா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். மாவாட்டிக் காய்த்துப் போன, அகலமான பெருவிரல்கள். இரண்டிலும் ஒரு பொட்டு மை இல்லை.

"அப்போ அந்த ரேகை?" என்றாள் வசந்தா. குரல் ரொம்ப மரியாதையாக வந்தது.

வேம்பு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். எங்களைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு அது.

"திங்கக்கெழம தெகிரியமாப் பதிவு பண்ணிக்க நைனா. பத்திரத்துல இன்னா போட்டுகீது? அவ இருக்கிற வரைக்கும்னுதானே? அவளுக்கு இன்னா அவசரம்? ஆறு வயசுதானே ஆவுது."